தோற்ற ஆட்டமும் நிலைத்த தொடக்கமும்

சதுரங்கத்தை வெறும் பொழுதுபோக்கென்று கருதுவோர் பலர். பொழுதைப் போக்குதற்கு உரிய விளையாட்டுக்களுள் அதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. எனினும் ஏனைய விளையாட்டுக்களுக்கு இல்லாத ஒரு சிறப்பு அதற்கு உண்டு. பந்தாட்டம் முடிந்ததும் காற்றோடு போய்விடுகின்றது. பார்த்தவர் நெஞ்சிலே மாத்திரம் அது நிற்கும். சதுரங்க ஆட்டமோ நகர்வு நகர்வாக ஏட்டிற் பதியப்பெறுகின்றது. ஆடியவர் மறைந்து பல்லாண்டு சென்ற பின்னரும், பலகையும் காய்களும் உடைய எவரும் அதனைத் தொடக்கந்தொட்டு இறுதிவரை மீட்டும் நிகழ்த்திப் பார்க்கலாம். ஒரு செய்யுளைப் போலப் படிக்கவும், பாராட்டவும், குறை கூறவும் இடந்தரும் பொருள் எதுவாயினும் அது திறனாய்வுக்கு உரியதே. சிறந்த சதுரங்க ஆட்டம் அத்தகையது.

அவ்வாறு பலராலும் படிக்கப்பட்டுப் பலவாறு உரை கூறப்பட்ட ஆட்டங்களுள் ஒன்று, 1918ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 23ஆந் திகதி நியூயோர்க் நகரிலே நடந்த சுற்றுப்போட்டியில், கியூபா நாட்டவரான ஹொசே ரவூல் கபபிளாங்காவும் அமெரிக்க வீரரான பிராங்க் ஜேம்ஸ் மார்ஷலும் ஆடியது. வெள்ளைக் காய்கள் கபபிளாங்காவுக்கும் கறுப்புக் காய்கள் மார்ஷலுக்கும் உரியன. மார்ஷல் அன்று ஒரு புதிய தொடக்கமுறையைக் கையாண்டு தாக்கினார். 36 நகர்வில் தோற்றார். ஆட்டத்தின் கதை இவ்வளவே. ஆயினும் இக்கதைக்குக் கற்பிக்கப்பட்ட நீதி இரண்டு. அமைதியான அறிவு சூழ்ச்சியை வென்றது என்பது ஒன்று. மார்ஷல் கண்ட முறை அன்றே முறியடிக்கப்பட்டது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எத்துணை உண்மை உடையன என்பதை ஆட்டத்தின் உள்ளே புகுந்து ஆராய்தல் தகும்.

கதையும் வரலாறும்

ஆட்டத்தை ஆராயுமுன் அதனைச் சூழ்ந்து வளர்ந்த கதையை ஒதுக்கிவைத்தல் வேண்டும். 1909ஆம் ஆண்டில் இருபது வயதினராகிய கபபிளாங்கா, மார்ஷலுடன் தனிப்போட்டி ஆடினார். மார்ஷல் அதற்கு இரண்டாண்டு முன்னர் உலக வீரர் லாஸ்கரையே எதிர்த்து நின்றவர், முப்பத்தொரு வயதினர், தாக்குதலாட்டத்திற் பெயர் பெற்றவர். எனினும் 23 ஆட்டங்கள் கொண்ட அப்போட்டியில் கபபிளாங்கா 8 ஆட்டங்களில் வென்றார். மார்ஷல் வென்றது ஒன்றே. எஞ்சிய 14 ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தன. அந்தத் தோல்வியால் நெஞ்சம் புண்பட்ட மார்ஷல் ஒரு புதிய படைக்கலத்தை வீட்டிலே மறைவாகக் கூர்தீட்டி, ஒன்பது ஆண்டுகள் எவருக்குங் காட்டாது பொதிந்துவைத்து, 1918இல் அதனை உருவினார் என்பது கதை.

கதை சுவையுடையது, ஆயின் வரலாற்றோடு பொருந்துவதன்று. இடைப்பட்ட ஆண்டுகளில் இருவரும் சான் செபஸ்தியான் (1911), ஹவானா (1913), சென் பீற்றர்ஸ்பேர்க் (1914) முதலிய போட்டிகளிற் பங்குபற்றிப் பன்முறை சந்தித்தனர். அவற்றுள் ஹவானாப் போட்டியிலே கபபிளாங்காவின் பிறந்த நகரத்திலேயே அவரை வென்று முதலிடம் பெற்றவர் மார்ஷல். பழிதீர்க்கும் வேட்கையோடு ஒன்பதாண்டு காத்திருந்தார் என்பதற்கு இச்செய்தி இடந்தரவில்லை. அன்றியும், 1917ஆம் ஆண்டிலே வோல்ற்றர் பிரியர் என்பவருக்கு எதிராக இம்முறையின் ஒரு வடிவத்தை மார்ஷல் ஆடியிருக்கிறார் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினர். ஒன்பதாண்டு மறைபொருள் என்பது பிறரால் ஏற்றிச் சொல்லப்பட்ட அணி, அவ்வளவே.

கதையை நீக்கினாலும் ஓர் உண்மை எஞ்சுகின்றது. மார்ஷல் ஆயத்தத்தோடு வந்தார். கபபிளாங்கா ஆயத்தமின்றி அமர்ந்தார். இதனைக் கபபிளாங்காவே பின்னர் எழுதியவற்றில் ஒப்புக்கொள்கிறார். எதிரி இவ்வழியெல்லாம் முன்னரே நடந்து பார்த்தவர் என்பதை உணர்ந்தும், தம் திறமைக்கு விடப்பட்ட அறைகூவலாக அதனை ஏற்றதாக அவர் கூறுகின்றார். ஆகவே இவ்வாட்டத்தின் உயிர், கற்றுவந்த வழிக்கும் களத்திலே தோன்றும் தெளிவுக்கும் இடையே நிகழ்ந்த போரிலே தங்கியுள்ளது.

ஒரு கட்ட வேறுபாடு

ஆட்டம் தொடங்கிய முறை மிகப் பழையது. இரு பக்கத்தாரும் அரசன்முன் நிற்கும் காலாளை இரு கட்டம் நகர்த்துவர். வெள்ளைக் குதிரை அக்கறுப்புக் காலாளைத் தாக்க, கறுப்புக் குதிரை அதனைக் காக்கும். உடனே வெள்ளையின் மந்திரி, அதாவது மூலைவாட்டாகச் செல்லுங் காய், காவல் நின்ற குதிரையை நோக்கிப் பாயும். ஸ்பெயின் நாட்டுப் பாதிரியாராகிய ரூய் லோபஸ் 1561ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே ஆராய்ந்த காரணத்தால் இது அவர் பெயராலும் அவர் நாட்டின் பெயராலும் வழங்குகின்றது. இதன் இயல்பு பொறுமை. வெள்ளை அவசரப்படுவதில்லை; அரசனைக் கோட்டைக்குட் பாதுகாத்து, 8ஆம் நகர்விலே மந்திரிப்பக்கக் காலாளை ஒரு கட்டம் நகர்த்தி, நடுக்களத்தைப் பிடிக்கும் நாளை எதிர்நோக்கி நிற்கும். கறுப்பும் அவ்வாறே அரசிமுன் காலாளை ஒரு கட்டம் நகர்த்தித் தன் அரணைத் திருத்திக்கொள்ளும். பிறகு நெடுநேரம் நுண்ணிய நகர்வுகள் தொடரும்.

இவ்விடத்திலேதான் மார்ஷல் வழிபிரிந்தார். அரசிமுன் காலாளை ஒரு கட்டத்துக்குப் பதிலாக இரு கட்டம் நகர்த்தினார். ஒரு கட்டமே வேறுபாடு. ஆயின் அவ்வொரு கட்டத்தால் ஆட்டத்தின் இயல்பே மாறிவிட்டது. நடுக்களம் உடனே திறந்தது. வெள்ளை வெட்டலாம், வெட்டினால் ஒரு காலாள் ஊதியமாகக் கிடைக்கும். கபபிளாங்கா வெட்டினார். 11ஆம் நகர்வு முடிந்தபோது இருபக்கமும் ஒவ்வொரு குதிரையை இழந்திருக்க, வெள்ளைக்கு ஒரு காலாள் மிகுதியாயிருந்தது.

அக்காலாளின் விலை யாது? பலகையை உற்றுநோக்குவார்க்கு அது புலனாகும். வெள்ளை அரசனைக் காத்துநின்ற குதிரை மாற்றில் மறைந்துவிட்டது. அரசிப்பக்கத்துக் கோட்டையும் குதிரையும் மந்திரியும் பிறந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மந்திரியின் வழியை அரசிமுன் காலாள் அடைத்து நிற்கின்றது. குதிரை இயல்பாக வந்தமரும் கட்டத்தை 8ஆம் நகர்வில் வந்த காலாள் பிடித்திருக்கின்றது. பொருள் மிகுந்து, அதனை ஆளும் ஆட்கள் உறங்கிக்கிடக்கும் மனையைப் போன்றது அந்நிலை. மறுபுறத்திலே மார்ஷலின் இரு மந்திரிகளுக்கும் அரசிக்கும் வழி திறந்திருந்தது. காலாளைக் கொடுத்துக் காலத்தை வாங்கினார் மார்ஷல். இதுவே இம்முறையின் உட்பொருள். இவ்வாணிகம் நேர்மையானது, இதிற் சூழ்ச்சி என்று இகழ்வதற்கு ஒன்றுமில்லை. எல்லாக் காய்களும் இருவர் கண்முன்னும் நிற்கும் ஓர் ஆட்டத்திலே மறைப்பதற்கு யாதுளது?

புயலும் வழியும்

11ஆம் நகர்விலே மார்ஷல் தம் குதிரையை நடுக்களத்திலிருந்து பின்வாங்கினார். அங்கிருந்து 13ஆம் நகர்வில் அக்குதிரை வெள்ளை அரசனின் வாயிற்படிக்கே பாய்ந்தது. அதனை வெட்டுதற்கு ஒரு காலாள் ஆயத்தமாய் நின்றது. கபபிளாங்கா வெட்டவில்லை. வெட்டினால் கறுப்பு அரசி திறந்த வழியால் அரசன்மீது வந்து விழும் என்பதை அவர் கண்டார். மாறாகத் தம் அரசியை முன்னே கொணர்ந்தார். அந்நகர்வு அரசனுக்குக் காவலாயிற்று. அதே வேளையில் மூலையில் நின்ற கறுப்புக் கோட்டையையும் தாக்கிற்று.

மார்ஷல் அக்கோட்டையைப் பொருட்படுத்தாமல் அரசியைக் களத்திறக்கினார். இப்போது கோட்டையை வெள்ளை வெட்டலாம்; வெட்டினால் முழுக்கோட்டை ஊதியம். ஆயின் அடுத்த இரு நகர்வில் உயிர் போய்விடும். கறுப்பு அரசி குதிரையின் துணையோடு அரசன் அருகிலுள்ள காலாளை வெட்டி முற்றுகை சொல்லும். அரசன் மூலைக்கு ஒதுங்கும். அரசி முதல் வரிசையிலுள்ள கோட்டையை வெட்டி ஆட்டத்தை முடித்துவிடும். அசையாது கிடந்த அரசிப்பக்கக் காய்கள் அக்கோட்டைக்குக் காவல் செய்யமாட்டா. வளராத படையின் குற்றம் இங்கே வெளிப்படையாகத் தெரிகின்றது.

கபபிளாங்கா அப்பொழுது ஆடிய 15ஆம் நகர்வே ஆட்டத்தின் திறவுகோல். அரசிமுன் காலாளை இரு கட்டம் நகர்த்தினார். தாக்குதல் தலைக்குமேல் நிற்கையிலே ஒரு காலாளை நகர்த்துவது முதலிற் பார்ப்பவருக்கு விந்தையாகத் தோன்றும். அந்நகர்வால் மந்திரியின் வழி திறந்தது. தம் நிலையின் நோய் யாது என்பதை அறிந்து, நோய்முதல் நாடி மருந்து கொடுத்தவாறு இது. அச்சுறுத்தல் ஒவ்வொன்றுக்கும் விடை தேடி ஓடாமல், எல்லா அச்சுறுத்தலுக்கும் காரணமான ஒன்றை அவர் திருத்தினார்.

மார்ஷலின் குதிரை அரசன் அருகிலுள்ள காலாளை வெட்டிற்று. இங்கே திறனாய்வாளர் ஊன்றிப் பார்த்தற்குரிய ஒரு நுட்பம் உண்டு. அக்குதிரையை அரசியால் வெட்டலாமே என்று கற்போர் கேட்பர். வெட்டினால், கறுப்பு மந்திரி முதலில் அரசனை அணுகி முற்றுகை சொல்லும்; அரசன் அடுத்த கட்டத்துக்கு ஒதுங்கியதும் அதே மந்திரி ஒரு கட்டம் பின்வாங்கி அரசியைத் தாக்கும்; வெள்ளையின் நிலை குலையும். ஆயின் முற்றுகை சொல்லாமல் நேரே அரசியைத் தாக்கினால், வெள்ளை அரசி கறுப்பரசன் அருகிலுள்ள காலாளை வெட்டித் தன்னைப் பலிகொடுத்து, அடுத்த நகர்விற் கோட்டையால் ஆட்டத்தையே முடித்துவிடும். முதல் வழியில் வெள்ளை அரசன் தன் அரசி நிற்கும் நிரலுக்கே தள்ளப்படுகின்றான். அதனால் அதே பலியைக் கறுப்புக் கோட்டை ஏற்கும்போது அது எதிர்முற்றுகையாய் முடிகின்றது. இரு வழியிலும் நகர்வுகள் அவையே. வரிசை ஒன்றே வேறு. வரிசை பிறழ்ந்தால் வெற்றி தோல்வியாகின்றது.

கபபிளாங்கா அரசியால் வெட்டாது, கோட்டையை இரண்டாம் வரிசைக்கு உயர்த்தினார். மார்ஷல் ஒரு மந்திரியைப் பலியிட்டார்; மற்றை மந்திரியால் அரசனைத் துரத்தினார். வெள்ளை 19ஆம் நகர்விற் குதிரையைக் கோட்டையால் வெட்டிப் பின் அக்கோட்டையையும் விட்டுக்கொடுத்தது. பிறர் கொடுத்த பொருளைத் தக்க வேளையிலே திருப்பிக் கொடுத்து அமைதி வாங்குதல் பாதுகாப்புக் கலையின் உயிர்நிலை. பேராசை உடையவர் இவ்விடத்திலேதான் தோற்பர். 21ஆம் நகர்வில் வெள்ளை மந்திரி முதன்முறையாக இடம்பெயர்ந்தது. 24ஆம் நகர்வுக்குள் அரசன் தானே நான்கு முறை நடந்து, களத்தின் நடுவைக் கடந்து, தன் உறங்கிய படையிடம் அடைக்கலம் புகுந்தான். புயல் ஓய்ந்தபோது கணக்குப் பார்த்தால், கறுப்பிடம் ஒரு கோட்டை மிகுதி. வெள்ளையிடம் அதற்கீடாக ஒரு மந்திரியும் ஒரு குதிரையும். காலாட்கள் இரு பக்கமும் ஆறு ஆறு.

இறுதிப்பகுதி அமைதியானது, ஆயினும் அழகிற் குறைந்ததன்று. 25ஆம் நகர்விலே கறுப்பு அரசி வெள்ளையின் முதல் வரிசையிற் சென்றமர்ந்தது. ஆட்டம் முடியுமளவும் அவ்விடத்தைவிட்டு அது அசையவேயில்லை. பகைவன் வீட்டினுட் புகுந்த படைத்தலைவி வெளியேற வழியின்றி நின்றாள்; போர் வேறொரு மூலைக்கு மாறிவிட்டது. கபபிளாங்கா அரசிப்பக்கத்திலே காலாட்களை முன்னேற்றினார். 29ஆம் நகர்வில் இரண்டாம் வரிசையிலிருந்து புறப்பட்ட ஓரக் காலாள் 35ஆம் நகர்வில் ஏழாம் வரிசையை அடைந்தது. பிறந்த இடத்திலே கிடந்த கோட்டை 31ஆம் நகர்விலும், குதிரை 32ஆம் நகர்விலும் முதன்முதலாக அடியெடுத்து வைத்தன. 36ஆம் நகர்வில் வெள்ளை மந்திரி கறுப்பரசன் அருகிலுள்ள காலாளை வெட்டி முற்றுகை சொல்லிற்று. எவ்வழி சென்றாலும் ஐந்து நகர்வுக்குள் ஆட்டம் முடியும் நிலை. மார்ஷலின் தாக்குதலுக்குக் காரணமாயிருந்தவை உறங்கிய காய்களே. அவர் தோல்வியை நிறைவேற்றியவையும் அக்காய்களே.

குற்றம் எங்கே?

இனி இரண்டாவது நீதியை ஆராயலாம். மார்ஷல் தோற்றார், ஆகவே அவர் கண்ட முறை பிழை என்பது பலர் கூற்று. முடிவைக் கொண்டு கருத்தை அளக்கும் இம்முறை எளிதானது, அதனாலேயே ஐயுறத்தக்கது.

வெள்ளையின் படை வளரவில்லை என்பதையே உரையாசிரியர் பலரும் சுட்டுவர். கறுப்பின் படை வளர்ந்திருந்ததா என்று கேட்பவர் சிலரே. மார்ஷலின் தாக்குதலை எண்ணிப் பார்ப்போம். ஒரே குதிரை ஐந்து முறை நகர்ந்து, ஐந்தாம் முறையிலே எதிரியின் காலாளை வெட்டி, பின் தானும் மாண்டது. அவற்றுள் 11ஆம் நகர்வு, முன்னரே நின்ற கட்டத்துக்கு மீண்டும் சென்ற பின்வாங்கல். அரசிப்பக்கக் கோட்டை 22ஆம் நகர்வுவரை போரில் இறங்கவில்லை. அது வந்தபோது உடன்தாக்க வேண்டிய குதிரையும் ஒரு மந்திரியும் பலகையில் இல்லை. மற்றைக் கோட்டையோ, 7ஆம் நகர்வில் அரசனுக்கு அரண் அமைத்தபோது வந்த இடத்திலேயே இறுதிவரை நின்றது. காலத்தை விலைக்கு வாங்கியவர் வாங்கிய காலத்தைத் தம் கோட்டைகளுக்குச் செலவிடவில்லை. இதுவே அவர் தவறு. முறை பிழைக்கவில்லை; முறையைக் கையாண்ட வேகம் பிழைத்தது. பிற்காலத்தார் சிலர் 16ஆம் நகர்விற் குதிரையை மீட்டிருந்தால் மார்ஷல் இன்னும் உறுதியாக எதிர்த்து நின்றிருக்கலாம் என்பர். அது உண்மையாயினும், நோயின் தொடக்கம் 16ஆம் நகர்வன்று, 11ஆம் நகர்வே.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். மார்ஷல் எதிரியின் வலியறிந்தார், தாக்கவேண்டிய இடனறிந்தார், காலம் ஒன்றே அறியாது போயினார்.

இதற்குச் சான்று கூறுபவர் மார்ஷலே. தோல்வியோடு அம்முறையை அவர் கைவிடவில்லை. 11ஆம் நகர்விற் குதிரையைப் பின்வாங்குவதற்குப் பதிலாக, ஒரு காலாளை ஒரு கட்டம் நகர்த்தி நடுக்களத்துக் குதிரைக்கு ஊன்றுகோல் கொடுக்கும் திருத்தத்தை அவரே கண்டார். பார்வைக்கு அது மெதுவான நகர்வு. ஒரு காலாளை இழந்து தாக்குபவன் மேலும் ஒரு நகர்வைக் காவலுக்குச் செலவிடலாமா என்று முதலில் ஐயம் எழும். ஆயின் அக்குதிரை நடுவில் அசையாது நிற்க, மந்திரிகளும் அரசியும் இடம்பிடிக்க, அரசிப்பக்கக் கோட்டையும் நடுநிரலுக்கு வந்துசேர, அதன் பின்னரே தாக்குதல் தொடங்கும். 1918இல் விடுபட்ட கோட்டை இத்திருத்தத்திலே உரிய இடம் பெறுகின்றது. தன் தோல்வியைத் தானே படித்துத் திருத்திய ஆசிரியனின் கையெழுத்து அந்நகர்விற் காணப்படுகின்றது.

பின்னாளின் தீர்ப்பு

மார்ஷல் 1944ஆம் ஆண்டு காலமானார். அவர் பெயரால் வழங்கும் தாக்குதல்முறை அவரோடு மறையவில்லை. 1965ஆம் ஆண்டிலே உலக வீரரை எதிர்க்கும் உரிமைக்காகத் திபிலிசி நகரில் நடந்த போட்டியில், அக்காலத்துத் தாக்குதல் வீரருள் தலைசிறந்தவராகிய மிகயில் தாலை எதிர்த்த பொரிஸ் ஸ்பாஸ்கி, கறுப்புக் காய்களுடன் இம்முறையைக் கையாண்டார். அவ்வாட்டங்கள் சமநிலையில் முடிந்தன. போட்டியில் ஸ்பாஸ்கி வென்றார். தாக்குதற்கென்று பிறந்த முறை அங்கே கேடயமாகப் பயன்பட்டமை கருதத்தக்கது. ஒரு காலாள் குறைந்த நிலையிலும் இரு மந்திரிகளின் துணையாற் கறுப்பு தோல்வியின்றி நிற்கலாம் என்பதைச் சதுரங்க உலகம் அறிந்தது.

அதனினும் பெரிய சான்று, வெள்ளை ஆடுவோர் இம்முறையைத் தவிர்க்கத் தேடிய வழிகளாகும். 1993ஆம் ஆண்டு உலக வெற்றிப் போட்டியிலே கஸ்பரோவ் 8ஆம் நகர்வில் வழக்கமான நகர்வை விடுத்து ஓரக் காலாளை நகர்த்தி இத்தாக்குதலுக்கு இடங்கொடாது ஆடினார். அவ்வாறு ஆடுவன யாவும் மார்ஷலுக்கு எதிர்முறை என்றே பெயர் பெற்றன. கபபிளாங்கா முறியடித்துவிட்டார் என்று சொல்லப்பட்ட ஒன்றைக் கண்டு உலக வீரரே விலகிச் செல்லக் காரணம் யாது? முறியடிக்கப்பட்டது ஓர் ஆட்டம். முறையன்று என்பதே விடை.

இவ்வரலாற்றிலே 2004ஆம் ஆண்டு ஒரு விந்தையைச் சேர்த்தது. சுவிற்சலாந்திலுள்ள பிரிசாகோ என்னும் ஊரில் உலக வெற்றிக்காகக் கிராம்னிக்கும் லேக்கோவும் ஆடிய போட்டியின் 8ஆவது ஆட்டத்தில் லேக்கோ கறுப்புக் காய்களுடன் மார்ஷலின் முறையை ஆடினார். இம்முறை வீட்டிலே ஆராய்ந்துவந்தவர் வெள்ளை ஆடிய கிராம்னிக். கணினியின் துணையோடு அமைத்த தொடரை நம்பி அவர் தம் அரசியைக் கொடுத்தார். ஈடாக ஓரத்திலே முன்னேறும் காலாளை நம்பினார். லேக்கோ பலகையின் முன்னிருந்து சிந்தித்து, 25ஆம் நகர்வில் அத்தொடரின் பிழையைக் கண்டு வென்றார். 1918இற் கறுப்பின் பக்கம் இருந்த ஆயத்தம் 2004இல் வெள்ளையின் பக்கம் மாறிற்று. மார்ஷலின் இடத்திலே கிராம்னிக் நின்றார், கபபிளாங்காவின் இடத்திலே லேக்கோ நின்றார். தொடக்கம் ஒன்றே, களத்திலே தோன்றும் தெளிவு வீட்டிலே பொதிந்து வந்த விடையை வென்றதும் இரு முறையும் ஒன்றே. இறுதி ஆட்டத்தில் வென்று போட்டியைச் சமன் செய்தமையாற் கிராம்னிக் தம் பட்டத்தைக் காத்துக்கொண்டார் என்பதையும் நேர்மை கருதிக் கூறவேண்டும்.

முடிவுரை

கபபிளாங்கா அன்று செய்தது அறிவுடைமையா, துணிச்சலா என்ற வினா இன்னும் எஞ்சுகின்றது. எதிரி அறிந்த காட்டினுட் புகாமல் வேறு அமைதியான நகர்வுகளால் அக்காலாளை அவர் மறுத்திருக்கலாம். வெற்றி தோல்வியை மட்டும் கருதுபவருக்கு அதுவே தக்க வழி. ஆயினும் அவர் ஏற்றது வெறுஞ் செருக்கினால் அன்று. தம் நிலையிற் குறை ஒன்றே உண்டு. அது வளராத படை. அதனைத் திருத்த ஒரு நகர்வு கிடைத்தாற் போதும் என்ற மதிப்பீடு அவரிடம் இருந்தது. வழி தெரியாதபோதும் திசை தெரிந்திருந்தது. 15ஆம் நகர்வு அத்திசையறிவின் பயன். 1916 தொடக்கம் 1924வரை ஓர் ஆட்டத்திலேனும் தோற்காதிருந்த அவர் புகழின் அடித்தளத்தை அந்நகர்விற் காணலாம்.

ஆகவே இவ்வாட்டத்திலிருந்து கற்போர் கொள்ளவேண்டிய பாடம், படித்து வருவது வீண் என்பதன்று. மார்ஷல் படித்துவந்திராவிடின் இத்தகைய ஓர் ஆட்டமே தோன்றியிராது. பாடம் வேறு. மனத்திற் பதித்த விடை, அது பதிந்த வினா வரும்வரையே துணைநிற்கும். வினா ஒரு கட்டம் விலகினாலும் அது கைவிடும். விடையின் காரணத்தையும் உடன் கற்றவனே விலகிய இடத்திலிருந்து மேலே நடப்பான். பரீட்சை மண்டபத்திலே பாடமாக்கிய கட்டுரையை எழுதத் தொடங்கி, வினா சற்றே மாறியிருப்பதைப் பாதியிற் கண்டு திகைக்கும் மாணவனுக்கு இதனை விளக்கிக் கூறவேண்டியதில்லை.

மற்றொரு பாடம் ஆசிரியருக்கும் திறனாய்வாளருக்கும் உரியது. அன்று மதிப்பெண் பெற்றவர் கபபிளாங்கா. சுற்றுப்போட்டியின் முதலிடமும் அவருக்கே கிடைத்தது. ஆயினும் அத்தொடக்கமுறை வென்றவர் பெயரால் வழங்கவில்லை. தோற்றவர் பெயரால் வழங்குகின்றது. ஒரு நாளின் முடிவைக் கொண்டு ஒரு கருத்துக்குத் தீர்ப்பு எழுதுபவர், அக்கருத்து திருந்தி வளர்வதற்கு வேண்டிய காலத்தை அதற்கு மறுத்துவிடுகின்றனர். தோற்ற விடைத்தாளினுள்ளும் நல்ல வினா ஒன்று மறைந்து கிடக்கலாம். சிவப்பு மையால் அடித்துவிடுமுன் அதனை ஒரு முறை நின்று பார்த்தல் கற்பிப்போர் கடன். 1918இல் 36 நகர்வில் முடிந்த அவ்வாட்டம், அவ்வாறு நின்று பார்த்தவர்களுக்கு இன்னும் முடியவில்லை.